எங்கே வலிக்கிறது, பாபுஷ்கா?

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் கெடா பிள்ளைகளும் அவர்கள் பேசவேண்டிய மொழியும்

“உ மின்யா பலீத் கலவா.”

வோல்காகிராட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு பாட்டி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியை ரஷ்யர்கள் ‘பாபுஷ்கா’ என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்பது நம் வீட்டுப் பிள்ளை. பாடாங் செராயில் தமிழ்ப்பள்ளி, சுங்கைப்பட்டாணியில் இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம். எல்லாம் முடித்து, ரஷ்யாவுக்குப் போய் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிற பிள்ளை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. பாடநூல் ஆங்கிலம், தேர்வும் ஆங்கிலம். பாட்டிக்குத்தான் ஆங்கிலம் தெரியாது.

அவர் சொன்னது, “எனக்குத் தலை வலிக்கிறது” என்பதுதான். எத்தனை நாளாக வலிக்கிறது, எந்தப் பக்கம், வாந்தி வந்ததா, கண் மங்குகிறதா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டால்தான் அது சாதாரணத் தலைவலியா, வேறு ஏதாவதா என்று யோசிக்கவே முடியும். கேட்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? ரஷ்ய மொழி ஓரளவு பேசும் நண்பனின் முகத்தைப் பார்க்கும். நண்பன் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இப்படியே சில ஆண்டுகளை ஓட்டிவிடவும் முடியும். ஆனால் நோயாளியிடம் பேசிப் பழகவேண்டிய ஆண்டுகள் அவைதான். திரும்பி வந்து பயிற்சி மருத்துவராக வார்டில் நிற்கும்போது அவை திரும்பக் கிடைக்காது.

வெளிநாட்டுக்குப் போனால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. “அங்கேயே கிடந்தால் ஆறு மாதத்தில் வந்துவிடும்” என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைக் கெடா தமிழர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். நாமே ஒருமுறை அந்தத் தண்ணீரில் தள்ளிவிடப்பட்டவர்கள்தாம்.

கேட்காமல் விடும் கேள்வி

மாஸ்கோ, நிஸ்னி நோவ்கோரோட், வோல்காகிராட், கூர்ஸ்க் என்று பல ரஷ்ய நகரங்களின் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் மலேசிய மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அவர்களில் தோட்டத்து வேர் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. உள்ளூர்த் தனியார் கல்லூரியைவிடச் செலவு குறைவு என்பதுதான் பெரும்பாலும் காரணம். குறைவு என்றாலும் அது சிறு தொகை இல்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காக எடுத்த பணம், அம்மாவின் நகை, வங்கிக் கடன், சித்தப்பா கொடுத்த கைமாற்று எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆறு ஆண்டுப் படிப்பு.

கல்விக் கண்காட்சிகளில் பெற்றோர் முகவர்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? குளிர் எப்படி? சோறு கிடைக்குமா? விடுதியில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களா?

முதல் கேள்வியைக் கேட்கப் பட்டுத்தான் பழகினோம். கிரிமியாவின் சிம்பெரோபோல் நகரிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மலேசியா கொடுத்திருந்த அங்கீகாரம் 2005இல் மீட்டுக்கொள்ளப்பட்டபோது நம் சமூகத்தில் எழுந்த பதற்றம் பலருக்கு நினைவிருக்கும். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று இப்போது பெற்றோரே தேடிப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்.

கடைசிக் கேள்விக்கு, “நிறையப் பேர் இருக்கிறார்கள், கவலையே வேண்டாம்” என்று பதில் வந்ததும் அம்மாவின் முகம் தெளியும். நியாயமான நிம்மதிதான். ஆனால் மொழியைப் பொறுத்தவரை அந்தப் பதில்தான் சிக்கலின் தொடக்கம். அதைப் பிறகு பார்ப்போம்.

‘பாடம் ஆங்கிலத்தில்தானே?’ என்று கேட்டுவிட்டு, அதோடு மொழிக் கவலையை மூடிவைத்துவிடுகிறோம். ஆங்கிலவழி மருத்துவப் படிப்பிலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் ரஷ்ய மொழி ஒரு பாடமாக இருக்கும். உடற்கூறியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் பாடம் என்பதால், தேறினால் போதும் என்று பிள்ளைகள் அதை ஒதுக்கி வைப்பது இயல்பு. மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் கால் வைத்ததும் அந்த ஒதுக்கி வைத்த பாடம் எழுந்து வந்து முன்னால் நிற்கும்.

தோட்டத்தில் கற்ற மொழிகள்

ஹார்வர்ட், ஹென்ரியேட்டா, விக்டோரியா என்று வெள்ளைக்காரப் பெயர் தாங்கிய கெடா தோட்டங்களில் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்று எல்லாம் தமிழுக்குள்ளேயே இருந்தன. மலாய் என்பது தோட்டத்து எல்லைக்கு அப்பால் தொடங்கியது. அதுவும் பள்ளிப் புத்தகத்து மலாய் இல்லை. பசாரிலும் பேருந்திலும் நெல்வயல் பக்கத்துக் கம்பத்திலும் காதில் விழுந்தது கெடா மலாய். “ஹாங் நாக் பி மானா?” என்று கேட்டால் “நீ எங்கே போகிறாய்?” என்று பொருள். ‘அவாட்’ என்றால் ஏன், ‘மாய்’ என்றால் வா. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட மலாய் ஒன்று, பந்து விளையாடும் திடலில் கேட்ட மலாய் இன்னொன்று. இரண்டையும் நம் பிள்ளைகள் கற்றார்கள்.

இன்னும் பின்னால் போனால் கதை இன்னும் சிக்கலானது. ஆங்கிலேயத் துரையின் கீழே வேலை செய்தவர்கள், 1942க்குப் பிறகு ஜப்பானிய மொழியில் எண்ணப் பழகினார்கள். 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. போர் முடியும் வரை அதிகாரிகள் தாய்லாந்துக்காரர்கள். ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்தபடியே மூன்று ஆட்சிமொழிகளைப் பார்த்த தலைமுறை அது. அவர்களுக்கு யாரும் மொழிப்பள்ளி நடத்தவில்லை.

அடுத்த தலைமுறைக்கு நடத்தினார்கள். அதன் பெயர் புகுமுக வகுப்பு. ‘ரிமூவ்’ என்று சொன்னால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி முடித்து, மலாயில் போதிய தேர்ச்சி இல்லாமல் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதலாம் படிவத்துக்கு முன்னால் ஓராண்டு. காலையிலிருந்து மதியம் வரை மலாய்க்குள்ளேயே இருக்க வேண்டும். இப்போது வெளிநாட்டு மொழிப்பள்ளிகள் ‘மொழியில் மூழ்கிக் கற்றல்’ என்று பெயர் சூட்டி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்களே, அதைத்தான் நமக்கு இலவசமாகவே செய்தார்கள்.

பலன்? மூழ்கியவர்களில் நீந்தியவர்கள் உண்டு. மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் தலைமையாசிரியராகவும் இன்று இருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்த வகுப்பைக் கடந்தவர்கள். மூச்சு முட்டியவர்களும் உண்டு. தம் வயது நண்பர்களைவிட ஓராண்டு பின்தங்கிய வெட்கம், ‘ரிமூவ் புடாக்’ என்ற கேலி, கடைசி வரிசையில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தமிழிலேயே பேசிக்கொண்டு ஆண்டை முடித்தது, மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது என்று அந்தப் பக்கமும் நீளம். இருவருக்கும் வகுப்பறை ஒன்றுதான், ஆசிரியரும் ஒருவர்தான். திடலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் மலாய் நண்பன் கிடைத்த பிள்ளைக்கும், பொறுமையாக இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வாய்த்த பிள்ளைக்கும் மொழி வந்தது. சும்மா தண்ணீரில் கிடந்தவர்களுக்கு வரவில்லை.

ஓராண்டுக் கணக்கு

சோவியத் ஒன்றியத்துக்கும் ஒரு புகுமுக வகுப்பு இருந்தது. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு கொங்கோவின் கொல்லப்பட்ட பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கிருந்து வந்த மாணவரானாலும் முதல் ஓராண்டு ‘பத்ஃபாக்’ எனப்படும் ஆயத்தப் பிரிவில் ரஷ்ய மொழி படிக்க வேண்டும். ஒரு ரஷ்யச் சொல்லும் தெரியாமல் இறங்கியவர்கள், ஏறக்குறைய பத்து மாதத்தில் பொறியியலையும் மருத்துவத்தையும் ரஷ்ய மொழியிலேயே கேட்டு எழுதத் தயாரானார்கள். சிறு குழுக்கள், தினமும் பல மணி நேர வகுப்பு, விடுதி அறையில் ரஷ்ய மாணவர்களோடு வாசம். ஆயத்தப் பிரிவுகள் இன்றும் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஆங்கிலவழிப் படிப்பு வந்த பிறகு நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஓராண்டு தேவையில்லாமல் போய்விட்டது. ஓராண்டுச் செலவு மிச்சம் என்று நாமும் மகிழ்ந்தோம்.

ஏன் ஓராண்டு? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குப் போதுமான அளவு ரஷ்ய மொழி கற்க 44 வாரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பு மணி நேரம். மலாய்க்கு 36 வாரம். அதே பட்டியலில் ரஷ்ய மொழியோடு ஒரே வரிசையில், அதே 44 வாரத்தோடு நிற்கும் இன்னொரு மொழி தமிழ். அமெரிக்கத் தூதருக்கு ரஷ்யன் எவ்வளவு கடினமோ தமிழும் அவ்வளவு கடினம். நாம் அந்த மலையை மூன்று வயதிலேயே ஏறி முடித்துவிட்டோம் என்பதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் பாருங்கள். ‘நான்கே வாரத்தில் சரளமாக ரஷ்யன்’ என்கிறார்கள். மொழிப்பள்ளிகளின் தீவிரப் பயிற்சி பொதுவாக வாரத்துக்கு 20 பாட நேரம். நான்கு வாரத்துக்கு 80. அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் அது ஒரு சிறு பங்குதான். கடையில் ரொட்டி வாங்கலாம், டாக்சிக்கு வழி சொல்லலாம். பாபுஷ்காவின் தலைவலியை விசாரிக்க முடியாது.

அதற்காக அந்தப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. சரியாக நடந்தால் அதன் அமைப்பு நல்ல அமைப்பு. காலையில் நான்கு மணி நேரம் இலக்கணமும் பேச்சும். ஆசிரியை முதல் நாளிலிருந்தே ரஷ்ய மொழியில்தான் பேசுவார். மதியம் சந்தை, அஞ்சலகம், மெட்ரோ என்று வெளியே போய்க் காலையில் படித்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரவு தங்குவது ஒரு ரஷ்யக் குடும்பத்தின் வீட்டில். சூப்பில் உப்புக் குறைவு என்பதைக்கூட அவர்கள் மொழியில்தான் சொல்லியாக வேண்டும். வகுப்பில் படித்தது சமையலறையில் தேவைப்படுகிறது, சமையலறையில் தடுமாறியது மறுநாள் வகுப்பில் கேள்வியாகிறது. இந்த இரண்டில் ஒன்று அறுந்தாலும் போச்சு.

நம் மாணவர்களுக்கு அறுவது சமையலறைப் பக்கம்தான். விடுதி மாடி முழுக்க மலேசியர்களும் இந்தியாவிலிருந்து வந்தவர்களும். ஒருவர் அறையில் சாம்பார், இன்னொருவர் அறையில் சம்பால். மாலையில் தமிழ்ப்படம், தீபாவளிக்கு மேடை நிகழ்ச்சி. வெளியே பனி, மாலை நான்கு மணிக்கே இருட்டு. யாருக்குத்தான் வெளியே போகத் தோன்றும்? இப்படி இருந்தால் ரஷ்யாவில் ஆறு ஆண்டு தங்கி, மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் நன்றாகக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பலாம்! ‘ரிமூவ்’ வகுப்பின் கடைசி வரிசை வோல்கா நதிக்கரை வரை நீண்டு போகிறது.

குளிருக்கும் தனிமைக்கும் நடுவே நம் சோறும் நம் பேச்சும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். அதை விட்டுவிடச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது அந்தச் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் கைகொடுக்கும் இடம்

ரஷ்ய மொழியை ஆங்கிலத்தின் வழியே படிக்கும் நம் பிள்ளை, தேவையில்லாமல் சுற்றுவழியில் போகிறது. பாபுஷ்கா சொன்ன வாக்கியத்தை மறுபடி பாருங்கள். ‘உ மின்யா’ என்றால் என்னிடம். ‘பலீத்’ என்றால் வலிக்கிறது. ‘கலவா’ என்றால் தலை. வலிப்பது தலை, அது யாருடையது என்பதை ஒரு வேற்றுமைச் சொல் காட்டுகிறது. “எனக்குத் தலை வலிக்கிறது” என்பதும் அதே அமைப்புதான். ஆங்கிலக்காரர் தலைவலியைத் தாம் ‘வைத்திருப்பதாக’ச் சொல்வார், அவருக்கு இந்த ரஷ்ய வாக்கியம் தலைகீழாகத் தெரியும். நமக்கு நேராகவே இருக்கிறது. (‘பலீத்’ என்பதும் ‘வலி’ என்பதும் காதுக்கு ஒன்றுபோல் இருப்பது வெறும் தற்செயல். ஆனால் மனப்பாடம் செய்ய உதவும் தற்செயலை ஏன் விடுவானேன்?)

இது ஒன்றோடு முடியவில்லை. “ம்ந்யே ஹோலத்ன” என்றால் “எனக்குக் குளிருது”. “ம்ந்யே த்வாத்சத் லியெத்” என்றால் “எனக்கு இருபது வயது”. “உ மின்யா யெஸ்த் க்நீகா” என்றால் “என்னிடம் புத்தகம் இருக்கிறது”. “யா ஸ்துத்யெந்த்” என்றால் “நான் மாணவன்”. நடுவில் ‘இருக்கிறேன்’ என்று எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வந்து பாடாய்ப் படுத்தும் அந்தச் சின்னச் சொற்களும் ரஷ்ய மொழியில் கிடையாது.

வேற்றுமை என்று சொன்னதும் மேற்கத்திய மாணவர்கள் மிரண்டு போவார்கள். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை. நாம் தமிழ்ப்பள்ளியில் எட்டு வேற்றுமையை ஒப்பித்தவர்கள். ‘மஸ்க்வா’ என்றால் மாஸ்கோ, ‘வ் மஸ்க்வியே’ என்றால் மாஸ்கோவில், ‘இஸ் மஸ்க்வீ’ என்றால் மாஸ்கோவிலிருந்து. பெயரின் வால் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. வால் மாறுவதால்தான் சொற்களை வாக்கியத்தில் முன்னும் பின்னும் நகர்த்தவும் முடிகிறது, தமிழைப் போலவே.

மரியாதையும் அப்படித்தான். ‘தீ’ என்றால் நீ, ‘வீ’ என்றால் நீங்கள். பாட்டியிடமும் பேராசிரியரிடமும் ‘வீ’ என்றுதான் பேச வேண்டும். மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கும். எல்லாருக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் ஆங்கிலக்காரருக்கு இது பாடம். நமக்கு வீட்டுப் பழக்கம்.

ஒலிகளுக்கு மலாய் உதவுகிறது. ‘காபார்’ என்று நாம் எழுதும் மலாய்ச் சொல்லின் தொண்டை ஒலி, ‘ஷரிகாத்’தின் முதல் ஒலி, ‘ஞாமோக்’ என்று கொசுவைச் சொல்லும் மூக்கொலி, ‘ஸாமான்’, ‘ஃபாஹாம்’ எல்லாமே ரஷ்ய மொழிக்கு வேண்டியவை. மலாய் படித்த பிள்ளையின் நாக்கு அவற்றுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. ரஷ்ய மொழியில் வெளிநாட்டவர் எல்லாரும் தடுமாறும் ஓர் உயிரொலி உண்டு. இகரமும் இல்லை, உகரமும் இல்லை, இடையில் எங்கோ நிற்கும். ‘காடு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, நம் குற்றியலுகரம், அது அதற்குப் பக்கத்து வீடு.

இந்த வழியை மறுபக்கத்திலிருந்து நடந்தவர்களும் இருக்கிறார்கள். அலெக்சாண்டர் துபியான்ஸ்கி மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தவர், 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுக்கும் வந்தவர். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவருடைய வகுப்பில் ரஷ்யப் பிள்ளைகள் ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று எழுதிப் பழகினார்கள்.

கடினமான இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்ய மொழியில் மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் அலிப்பால். உயர்திணை, அஃறிணை என்று அறிவைப் பார்த்துப் பிரித்துப் பழகிய நமக்கு இது விளங்கவே விளங்காது, மனப்பாடம்தான். ‘படித்தேன்’ என்று ஆண் சொன்னால் ‘யா சித்தால்’, பெண் சொன்னால் ‘யா சித்தாலா’. படித்துக்கொண்டிருந்ததற்கும் படித்து முடித்ததற்கும் வினைச்சொல்லே வேறு: ‘சித்தால்’, ‘ப்ரசித்தால்’. நம்முடைய ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ இரண்டையும் நினைத்துக்கொண்டால் வாசல் வரை போகலாம், உள்ளே போக உழைக்க வேண்டும். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொரு வினை. ஆண்டு என்ற சொல், ஒன்றுக்கு ‘கோத்’, இரண்டுக்கு ‘கோதா’, ஐந்துக்கு ‘லியெத்’. நோயாளியின் வயதைக் கேட்கும் இடத்திலேயே இந்தக் குழி இருக்கிறது.

போவதற்கு முன்

எழுத்தைச் சுங்கைப்பட்டாணியிலேயே கற்றுவிடலாம். முப்பத்து மூன்று எழுத்து. 247 எழுதிய கைக்கு ஒரு வார வேலை. ஒரே ஒரு பொறி: சில எழுத்துகள் ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும், ஒலி வேறு. ‘பி’ மாதிரி இருப்பது ‘ர்’, ‘சி’ மாதிரி இருப்பது ‘ஸ்’, பெரிய ‘எச்’ மாதிரி இருப்பது ‘ந்’. உணவகம் என்று எழுதியிருக்கும் பலகையை ‘பெக்டோபா’ என்று படித்துவிட்டுப் பசியோடு கடந்துபோன கதை வெளிநாட்டு மாணவர்களிடையே பழைய நகைச்சுவை.

பயணத்துக்கு முன் கிடைக்கும் மூன்று நான்கு மாதங்கள் பொன்னானவை. தேர்வு முடிவுக்கும் விமானத்துக்கும் நடுவே பிள்ளை கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் காலம் அது. எழுத்து, எண், ஆறு வேற்றுமையில் மூன்று, உடலுறுப்புகளின் பெயர் இவ்வளவும் இங்கேயே முடித்துப் போகிற பிள்ளை, முதல் மாத வகுப்பில் மற்றவர்களைவிட ஓரடி முன்னால் நிற்கும். முகவரிடமும் பல்கலைக்கழகத்திடமும் பெற்றோர் கேட்கவேண்டியவையும் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ரஷ்ய மொழி? எத்தனை ஆண்டு? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வார்டுக்குப் போகுமுன் பேச்சுத் தேர்வு வைக்கிறார்களா? ரஷ்ய அரசின் மொழித் தேர்வில் ஆறு படிநிலைகள் இருக்கின்றன. ரஷ்யவழியில் பல்கலைக்கழகம் சேர ‘முதல் நிலை’ என்னும் மூன்றாவது படி வேண்டும். ஆங்கிலவழி மாணவருக்கு அது கட்டாயம் இல்லாவிட்டாலும், மூன்றாம் ஆண்டுக்குள் அந்தப் படியைத் தொட்டுவிட வேண்டும் என்று பிள்ளை தனக்குத்தானே இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபர் 10ஆம் தேதி சோயூஸ் கலத்தில் புறப்படுமுன், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள விண்வெளிப் பயிற்சி நகரில் ரஷ்ய மொழியும் படிக்கவேண்டியிருந்தது. கலத்தின் பொத்தான்களில் எழுதியிருப்பது ரஷ்ய மொழி, தரையிலிருந்து வரும் குரலும் ரஷ்ய மொழி. இறுதி நால்வர் பட்டியல் வரை வந்த ஒரே பெண், நம் எஸ்.வனஜா, என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலைமையை மறைக்கவும் கூடாது. உக்ரைன் போர் தொடங்கிய 2022இலிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. பணம் அனுப்பும் வழியை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். கூர்ஸ்க் மாநிலம் உக்ரைன் எல்லையை ஒட்டியது. 2024 ஆகஸ்டில் சண்டை அந்த மாநிலத்துக்குள்ளேயே நுழைந்தது. எந்த நகரம் என்பது இப்போது கல்விக் கேள்வி மட்டும் இல்லை. மருத்துவத்துக்காக இல்லாமல் மொழிக்காகவே கற்க விரும்பும் இளைஞர்கள் கசக்ஸ்தானின் அல்மாட்டியையும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கையும் பார்க்கலாம். இரண்டு நகரங்களின் தெருவிலும் ரஷ்ய மொழி புழங்குகிறது, மொழிப்பள்ளிகளும் இருக்கின்றன. 2024 மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து அல்மாட்டிக்கு ஏர் ஏசியா எக்ஸ் நேரடிச் சேவையைத் தொடங்கியபின் பயணமும் எளிதாயிற்று.

ரஷ்யாவுக்கும் கெடாவுக்கும் உறவு புதிதில்லை. ரப்பரை ரஷ்யர்கள் ‘கவ்சூக்’ என்பார்கள். 1960களில் மலேசிய ரப்பரை அதிகம் வாங்கிய நாடுகளில் சோவியத் ஒன்றியமும் ஒன்று. அரசதந்திர உறவு 1967 ஏப்ரலில்தான் ஏற்பட்டது, ரப்பர் அதற்கு முன்பே போய்விட்டது. விடியற்காலையில் தாத்தா வெட்டிய மரத்துப் பால் எந்த ஊர்ச் சக்கரத்தில் உருண்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில், செமிலிங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வார்டு பயில்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த மாணவருக்கு அங்கேயும் கொஞ்சம் மொழிச் சிக்கல் உண்டு. கம்பத்துத் தாத்தாவிடம் “சாகிட் தாங் மானா, தோக்?” என்று கெடா மலாயில் கேட்டால் கிடைக்கும் பதில், புத்தக மலாயில் கேட்டால் கிடைக்கும் பதிலைவிட நீளமாக இருக்கும். வோல்காகிராடில் அதே கேள்வி “க்தியே பலீத், பாபுஷ்கா?”

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டுவிட்டால், பாபுஷ்கா பதிலுக்கு ஒன்று கேட்கக்கூடும். ரஷ்யாவில் மருத்துவரையும் ஆசிரியரையும் வெறும் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. பெயரோடு அப்பாவின் பெயரைச் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். மகனுக்கு ஒரு விகுதி, மகளுக்கு ஒரு விகுதி. ‘ஓத்செஸ்த்வ’ என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய மாணவர்கள் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விழிப்பார்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று பிறப்புப் பத்திரத்திலிருந்து அப்பாவின் பெயரைச் சுமந்துவரும் நம் பிள்ளைக்கு யோசிக்க வேண்டியதில்லை. அப்பா பெயர் ராமன் என்றால் மகன் ‘ராமனோவிச்’, மகள் ‘ராமனோவ்னா’. பாடாங் செராய்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் அந்த வார்டில் டாக்டரைக் கூப்பிடுவார்கள்.